முன் அனுபவம் இல்லாதவருக்கு உணவகத்தில் சப்ளையர் வேலை கிடைக்குமா?

சென்னை கொடுங்கையூரில் வசிப்பதாகவும், கேட்ட இடமெல்லாம் அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலை நிச்சயம் கிடைக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சைவ உணவகத்தில் எவ்வித அனுபவமும் இன்றிச் சேர்ந்த நான், இன்று அப்பகுதியிலேயே வேறோர் உணவகத்தில் புதியவர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருக்கிறேன்.

கேட்கச் செல்லும் நேரம் மிகவும் முக்கியம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாலைச் சிற்றுண்டி தொடங்குவதற்கு முன், அதாவது 3.30 மணியளவில் சென்றால்தான் கல்லாவில் இருப்பவருக்கோ சூப்பர்வைசருக்கோ உங்களிடம் நின்று பேச நேரமிருக்கும். நான் முதலில் பகல் 1 மணிக்குச் சென்று, ஒரு சொல்கூடப் பேச முடியாமல் திரும்பினேன்.

எங்கு வேலை பார்த்தாய் என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். தம்ளரை விளிம்பில் பிடிக்கிறீர்களா, அடியில் பிடிக்கிறீர்களா என்பதிலேயே உண்மை தெரிந்துவிடும். உறவினர் திருமணங்களில் பந்தி பரிமாறியிருக்கிறேன் என்று நான் சொன்னதும், சூப்பர்வைசர் ஓர் இலையை எடுத்துக் கொடுத்துப் போடச் சொன்னார். நுனி உண்பவரின் இடப்பக்கம் வரும்படி போட்டேன். மறுநாள் காலை வரச் சொல்லிவிட்டார். அத்தகைய சிறு பழக்கத்தையும் தயங்காமல் சொல்லுங்கள். தெலுங்கோ இந்தியோ சிறிது பேசத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் நம் பகுதியில் வாடிக்கையாளர்களிடமும், வெளிமாநிலங்களிலிருந்து வந்து சமையற்கட்டில் வேலை செய்பவர்களிடமும் அது அன்றாடம் உதவும். வீடு அருகில் இருப்பதால் தங்குமிடம் தேவையில்லை, அதிகாலை ஷிப்டுக்கும் வர முடியும் என்பது உரிமையாளருக்குப் பெரிய நிம்மதி. பலரும் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆதார் நகலுடன் மருத்துவச் சான்றிதழும் கையில் இருந்தால் நல்லது. உணவைக் கையாள்வோர் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

முதல் சில வாரங்கள் மேசை துடைக்கவும் தண்ணீர் வைக்கவும் மட்டுமே சொல்வார்கள். அதை இழிவாக எண்ண வேண்டாம்; எந்த மேசைக்கு எது போகிறது என்பதை மனத்தில் பதிய வைக்கும் பயிற்சி அங்குதான் கிடைக்கிறது.

உங்களைச் சேர்த்துக்கொள்ள உரிமையாளர் தயங்கினால், இரண்டு நாள் வேலை பார்த்துக் காட்டுகிறேன் என்று நீங்களே கேளுங்கள். ஆனால் அந்த இரண்டு நாளுக்கும் கூலி உண்டா, பிறகு சம்பளம் எவ்வளவு, வார விடுமுறை எந்த நாள், உடைந்த தட்டுக்குப் பிடித்தம் உண்டா என்பதை முன்பே பேசிவிடுங்கள். நான் இடையில் வேலை பார்த்த ஓர் உணவகத்தில் இதைக் கேட்காமல் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை இழந்தேன்.