தேர்வு முடியும்வரை தொழிற்பயிற்சி காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வயதுவந்தோருக்கு எழுத்தறிவு தரும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தன்னார்வலராக மாலை வகுப்பு நடத்துகிறேன். 18 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 15 பேர் பெண்கள். பலருக்கும் தையல் கற்று வேலைக்குப் போக ஆசை. முதலில் எழுத்தறிவுத் தேர்வில் தேறட்டும், பிறகு பயிற்சிக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். இப்போது வருகை பாதியாகக் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பகல் முழுவதும் களையெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணுக்கு, தான் கற்கும் எழுத்து எந்த வேலைக்கு உதவும் என்பது சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதபோது வகுப்பை விடுவதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன்.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த ஆண்டுகளில், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகை எடுத்தவருக்குக் கணக்கு எழுத வேண்டும், ரசீதைப் படிக்க வேண்டும்; ஆகவே படிப்பும் பிழைப்பும் ஒன்றையொன்று இழுத்துச் சென்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கல்லூரிகளிலும் இதே எண்ணத்தில், தொழில் ஆசிரியரும் அடிப்படைக் கல்வி ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து கற்பிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த இரண்டாவது ஆசிரியர், தெருவில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அக்காவாகவே இருக்கலாம். வாரத்தில் இரண்டு மாலை அவரை வகுப்புக்கு அழையுங்கள்.

அவர் வரும் நாளில் பாடநூலை மூடிவைத்துவிட்டு, அவருடைய அளவு நோட்டைத் திறந்து வையுங்கள். ‘உயரம் 14½, தோள் 14, மார்பு 36, கை 9¼’ என்று ஒரு ஜாக்கெட்டுக்கு எழுதியிருக்கும் அந்த நான்கு சொற்களும் நான்கு எண்களும் ஒரு முழுப் பாடத்துக்குப் போதும். அடுத்து இஞ்சு டேப்பைக் கையில் கொடுங்கள். ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்துக் கோடு போட்ட டேப்பில் இரண்டாவது கோடு கால், நான்காவது அரை, ஆறாவது முக்கால். சந்தையில் காலும் அரையும் முக்காலும் ஆயுள் முழுக்க வாய்க்கணக்காகப் போட்டவர்கள், அதே கணக்கைக் கோடாகவும் எண்ணாகவும் பார்க்கும்போது எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்திருக்கிறது. ஆயத்த ஆடை நிறுவனத்துக்குப் போக விரும்புவோருக்கு, பீஸ் கணக்குச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். தைக்கத் தெரிந்தும், எத்தனை பீஸுக்குக் கூலி வந்தது என்று சரிபார்க்கத் தெரியாதவர் ஏமாறக்கூடும்.

ஆனால் ஒன்றில் கவனம் தேவை. தொழிலுக்கு வேண்டிய சொற்கள் மட்டும் போதும் என்று வகுப்பைச் சுருக்கிவிடக் கூடாது. பேருந்துப் பலகையைப் படிக்க வேண்டும், பேரனின் பள்ளி நோட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதற்காகவே வந்தவர்களும் உங்கள் 18 பேரில் இருப்பார்கள்; அவர்களுடைய தேவையும் அதே அளவு பெரியது.

பயிற்சி நிலையங்களில் முதலில் மக்கள் கல்வி நிறுவனத்தை அணுகுங்கள். எழுத்தறியாதோர், புதிதாக எழுத்தறிந்தோர், பள்ளியை இடையில் நிறுத்தியோர் ஆகியோருக்காகவே நடத்தப்படும் அமைப்பு அது. 2018 முதல் மத்தியத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணுவோருக்கு, அந்தந்த மாவட்டத்துக்குப் பொறுப்பான முன்னோடி வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் பொருத்தமானது. அங்கே பயிற்சியும் உணவும் இலவசம்; பயிற்சிக்குப் பிறகு வங்கிக் கடன் பெறவும் வழிகாட்டுவார்கள். மேலே படிக்க விரும்புவோர் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அதில் தேறினால் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளில் சேரும் தகுதி கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் அந்தக் கல்வித் தகுதியைப் பதிவு செய்யலாம்.

வகுப்புக்கும் பயிற்சிக்கும் இடையிலான இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோவது விண்ணப்ப மேசையில்தான். நான் உடன் சென்ற ஒரு பயிற்சி நிலையத்தில், ஆதாரில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் வேறு முன்னெழுத்தும் இருந்ததால் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மறுபடி அந்தப் பக்கம் போகவே இல்லை. அன்று முதல், சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பே ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் வகுப்பில் விரித்து, தத்தம் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்கிறேன். அதைவிடப் பயனுள்ள வாசிப்புப் பயிற்சி வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பிழை கண்டவர்களை இ-சேவை மையத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள். முதல் முறையாவது நீங்களோ, ஏற்கெனவே தேறிய ஒருவரோ கூடப் போக வேண்டும். படிவத்தை அவரே நிரப்பட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி.

தங்கிப் படிக்கும் பயிற்சி என்றால் சிறு குழந்தை உள்ளவர்களால் போக முடியாது. அவர்கள் பெயர்களைத் தனியாகக் குறித்து, ஊருக்குள்ளேயே அல்லது அருகில் உள்ள ஊராட்சிக் கட்டடத்தில் வகுப்பு நடத்த முடியுமா என்று மக்கள் கல்வி நிறுவனத்தைக் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட மகளிர் சுய உதவிக் குழுவின் தீர்மானத்தோடு கேட்டால் செவி சாய்ப்பார்கள். அந்தத் தீர்மானத்தைக் குழுவின் நோட்டில் உங்கள் மாணவி ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு நேரில் போய் அழையுங்கள்.