கடல் உணவு அடைத்த சுட்ட உருளைக்கிழங்கு: கேள்வி-பதில்

கே: இறால் அடைத்த கிழங்கை ஓவனிலிருந்து எடுத்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தோலும் நைந்துபோகிறது. ஏன்?

தண்ணீர் விடுவது இறால்தான். உறைந்த இறால் இன்னும் அதிகமாக விடும். முந்தின இரவே ஃபிரிட்ஜுக்குள் வைத்து உருகவிட்டு, வடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். நான்கு கிழங்குக்கு உரித்த இறால் 250 கிராம் போதும். அகலமான கடாயில் வெண்ணெயைச் சூடாக்கி ஒன்றரை நிமிடம் புரட்டுங்கள். ஓரம் வெளுத்து, நடுப்பகுதி இன்னும் கண்ணாடி போல இருக்கும்போதே வடிகட்டியில் கொட்டிவிடுங்கள்; மீதியை ஓவன் பார்த்துக்கொள்ளும். வடிந்த சாற்றைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். 2 மேசைக்கரண்டி அளவுக்குச் சுண்டவைத்து, தோண்டியெடுத்து மசித்த கிழங்கில் (மசியலில்) கலந்தால், இறாலின் ருசி கிழங்கு முழுக்க ஏறும்.

தோலுக்கு வேறு வைத்தியம். சுட்ட கிழங்கின் சதையைத் தோண்டியதும் வெறும் கூட்டின் உள்ளும் புறமும் உருக்கிய வெண்ணெய் தடவி, கவிழ்த்துவைத்து, 220 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சுடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுதான். பிறகு அடைத்து 200 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால், உள்ளே இருக்கும் இறாலும் வெந்துவிடும்.

கே: எந்தக் கிழங்கு வாங்குவது? ஃபாயில் சுற்ற வேண்டுமா?

வெந்ததும் உதிரும் மாவுக் கிழங்கு, ஒன்று 250 முதல் 300 கிராம் வரை. முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். ஃபாயில் வேண்டாம், ஆவி வெளியேற வழியில்லாமல் கிழங்கு அவிந்துவிடும்.

கே: மசியல் பசை மாதிரி இழுக்கிறதே?

மிக்ஸியில் போட்டிருப்பீர்கள். பிளேடு மாவுச்சத்தை உடைத்து வெளியே கொண்டுவந்துவிடும். சூடு ஆறும் முன் கையால் மசித்து, முதலில் வெண்ணெய் 50 கிராம், பிறகு வெதுவெதுப்பான பால் 80 மில்லி சேருங்கள். தோண்டும்போது தோலை ஒட்டி அரை சென்டிமீட்டர் சதையை விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் கூடு கிழியும்.

கே: நண்டு, மீன், கணவாய் எல்லாம் சேர்க்கலாமா?

ஓட்டிலிருந்து எடுத்து விற்கும் நண்டுச் சதை பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. ஓட்டுச் சில்லு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கடைசியில் உதிராமல் கலந்தால் போதும். காரசாரமான சீஸ் நண்டின் இனிப்பை அமுக்கிவிடும்; மென்மையான ருசியுள்ள சீஸ் கூட 60 கிராமுக்கு மேல் வேண்டாம். மீன் என்றால் முள்ளில்லாத, கெட்டியான துண்டுகள். கணவாயைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. இரண்டாவது சூட்டில் ரப்பராகிவிடும். எல்லாம் கலந்து ருசி பார்த்த பிறகே உப்பைப் போடுங்கள்.

கே: விருந்துக்கு முந்தின நாளே செய்துவைக்கலாமா?

கூடும் மசியலும் தயாராக ஃபிரிட்ஜில் இருக்கலாம். அரைவேக்காட்டு இறாலை மட்டும் எடுத்துவைக்கக் கூடாது. அதை அன்றன்றே புரட்டி அடையுங்கள். குளிர்ந்த மசியல் என்பதால் ஓவனில் கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை சூடாக்கிச் சாப்பிடலாம்.

கே: இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு நண்டு வைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. இரண்டும் ஓட்டுடலி என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒத்துக்கொள்ளாது. அவருக்கு இறால் சாறு சேராத மசியலோடு காளான் அடைத்து, தனிக் கரண்டி, தனித் தட்டில் சுடுங்கள்.