மலேசியாவின் கேமரன் மலையில் வாங்கிய வீட்டை விடுமுறை வாடகைக்கு விட எப்படி அலங்கரிப்பது, என்னென்ன சாமான் போடுவது?

கேட்டவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். கேமரன் மலையின் ரிங்லெட் ஊரில் மூன்று அறை அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார். ஏசி, தரைக்குக் கம்பளம், துணி சோபா, சின்னதாகச் சாமி அறை என்று ஒரு பட்டியலே போட்டு, சரிதானா என்று கேட்டிருக்கிறார்.

நான் ரிங்லெட்காரி. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான் வெளிநாட்டில் இருக்கும் முதலாளிகளின் ஐந்து வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் சாவி கொடுப்பது, கூட்டித் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, ராத்திரி பதினொரு மணிக்கு "அக்கா, சுடுதண்ணி வரல" என்று வரும் போனை எடுப்பது. அதனால் என் பதில் துடைக்கிறவள் பக்கத்திலிருந்துதான் வரும்.

சாமான் வாங்கும் முன்னே ஒன்று. அடுக்குமாடி என்றால் நிர்வாகத்திடம் குறுகிய கால வாடகைக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூரின் மோன் கியாராவில் ஓர் அடுக்குமாடி வழக்கில், நிர்வாகக் கூட்டமைப்பு அதைத் தடுக்கும் விதி போடலாம் என்று 2020-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் போட்டு சாமான் இறக்கிய பிறகு அந்த விதியைப் படிப்பதில் லாபமில்லை.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஏசியை அடித்துவிடுங்கள். ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊர் இது. அந்தக் காசில் இரண்டு நல்ல வாட்டர் ஹீட்டரும், டீஹியூமிடிஃபையர் என்கிற ஈரம் இழுக்கும் மெஷின் ஒன்றும் வாங்குங்கள். பிளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், சிங்கப்பூரின் மூன்று தட்டைக்கால் பிளக்தான் இங்கேயும். இந்தியாவிலிருந்து வரும் விருந்தினருக்காக ஓர் அடாப்டரை டிராயரில் போட்டு வையுங்கள்.

இங்கே உங்கள் எதிரி பூசணம். சிங்கப்பூரிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இது புரிவதில்லை, ஏனென்றால் அவர்கள் வந்து பார்ப்பது வெயிலடிக்கிற ஒரு சனிக்கிழமையில். விருந்தினர் குளிக்கிறார்கள், மேசையிலேயே அடுப்பு வைத்து ஸ்டீம்போட் சூப் கொதிக்க வைக்கிறார்கள், குளிர் என்று ஜன்னலையும் மூடிவிடுகிறார்கள். அந்த ஆவியெல்லாம் வெளிச்சுவரின் குளிர்ச்சியில் பட்டு நீராகிறது. நான் பார்க்கும் ஒரு வீட்டில் முதலாளி மரத்தூளை ஒட்டிச் செய்த பளபளப்பான பார்ட்டிகிள் போர்டு அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டார். மழைக்காலம் முடிந்து அதை நகர்த்தினால், பின்பலகை முழுக்கப் பச்சை. அடிப்பாகம் தேநீரில் முக்கிய பிஸ்கட் மாதிரி உப்பி, கையில் உதிர்ந்தது. நானும் என் தம்பியும் அதைத் துண்டு துண்டாகத்தான் படியிறக்கினோம்.

அதனால் மரச்சாமான் என்றால் அசல் மரம், நாலு கால் உள்ளது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அடி மூடிய டிவான் கட்டில் வேண்டவே வேண்டாம். கீழே காற்று போகும் சட்டக் கட்டில் வாங்குங்கள். என் சிபாரிசு ரப்பர் மரம். இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகுக்குத்தான் வெட்டுவார்கள். இப்போது அதே மரம் ஜொகூர் மாநிலத்து மூவாரில் கட்டிலும் மேசையுமாகி வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. சித்தப்பா தாப்பாவில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர். அந்த மரத்தில் செய்த நாற்காலியில் உட்கார்ந்து "நான் வெட்டின மரமா இருந்தாலும் இருக்கும்" என்று தட்டிப் பார்ப்பார். ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி துளைக்கும், நீலக் கறை பிடிக்கும். பதப்படுத்தியதுதானா என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள். சிங்கப்பூரிலிருந்து காரில் வருகிறீர்கள் என்றால், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் மூவார். இறங்கித் தொட்டுப் பார்க்கலாம்.

கம்பளம் வேண்டாம், ஈரத்தைக் குடித்துக்கொண்டு நாறும். தரை ஜில்லென்று இருக்கிறதா, வாசலில் எட்டு ஜோடி ரப்பர் சிலிப்பர் வையுங்கள். துணி சோபாவில் ஸ்டீம்போட் வாசனை ஏறினால் இறங்காது, அதனால் உறை கழற்றித் துவைக்கிற மாதிரி வாங்குங்கள். விரிப்பு வெள்ளையே நல்லது. ஸ்ட்ராபெரிக் கறை பட்டால் குளோரோக்ஸ் பிளீச்சில் ஊறப்போட்டு எடுக்கலாம். பூப்போட்டதில் அது முடியாது. ஒரு கட்டிலுக்கு மூன்று செட். நவம்பர் மழையில் கொடியில் போட்டது இரண்டு நாளானாலும் காயாது. டோபி கடைக்கு ஓடினாலும், நண்பகலில் ஒருவர் போய் மூன்று மணிக்கு அடுத்தவர் வரும் நாளில் நேரம் போதாது.

சாமி அறையைத் தயங்கித்தான் கேட்டிருக்கிறீர்கள். நானும் தயங்கித்தான் சொல்கிறேன்: வாடகை வீட்டில் வேண்டாம். ஒரு வீட்டில் ஹாலில் முருகன் படம் மாட்டியிருந்தது. ஒரு மலாய் முஸ்லிம் குடும்பம் தங்கிப் போன மறுநாள் கதவைத் திறந்தால், படத்தின்மேல் மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு, நான்கு மூலையிலும் துணி கிளிப். அவ்வளவு பக்குவமாக மூடியிருந்தார்கள். யார்மேல் கோபப்படுவது? அவர்கள் தொழ வேண்டும், நம் சாமியையும் அவமதிக்கக் கூடாது. முதலாளிக்குப் போட்டோ அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது படத்தைச் சிங்கப்பூருக்கே எடுத்துப் போனார். இப்போது அவர் வரும்போது அதுவும் கூடவே வருகிறது. நீங்களும் அப்படிச் செய்யலாம்.

அதே ஹாலில் இப்போது கூரை மூலையில் தொழுகைத் திசை காட்டும் கிப்லாட் அம்பு சின்னதாக ஒட்டியிருக்கிறோம். இங்கிருந்து அது நேர் மேற்கு இல்லை, கொஞ்சம் வடக்கே சாயும், அதனால் குத்துமதிப்பாக ஒட்டாமல் போனில் பார்த்து ஒட்டுங்கள். சமையலறையில் பன்றி இறைச்சி சமைக்கக் கூடாது என்றும் விளம்பரத்திலேயே போட்டோம். பள்ளி விடுமுறைப் பதிவுகளில் நல்ல வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் அலங்காரம். தேயிலைத் தோட்டத்துப் பொருளாக ஏதாவது மாட்டலாமா என்று கேட்டீர்கள். மாட்டுங்கள், ஆனால் ஒன்று போதும். இன்னொரு வீட்டு முதலாளி கொழுந்துக் கூடை ஒன்றை வாங்கி, வார்னிஷ் அடித்து, விளக்குப் போட்டுச் சுவரில் மாட்டினார். துடைக்க உதவிக்கு வந்த அம்மா அதன்முன் கொஞ்ச நேரம் நின்றார். நான் என்னவோ ஏதோ என்று நினைத்தேன்.

"கயித்தக் கீழ கட்டியிருக்கானுங்க. இப்படி மாட்டினா முதுகுல நிக்குமா, கொழுந்தெல்லாம் கொட்டிரும்" என்றார்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, கூடையை இறக்கி, கயிற்றை அவிழ்த்து அவரே சரியாகக் கட்டினார். முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை.