சமூகவியல் அறிமுகப் பாடத்தைப் படிக்காமலே தேறிவிட முடியுமா?

முதல் செமஸ்டரில் சமூகவியல் அறிமுகம் எடுத்திருக்கிறீர்கள். 'எல்லாம் நமக்குத் தெரிந்த விஷயம்தானே, தனியாகப் படிக்க வேண்டுமா?' என்று கேட்கிறீர்கள். சீனியர் யாராவது ஏற்றிவிட்டிருப்பார். எனக்கும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள்.

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் படித்தேன். முதல் கட்டுரைக்கு, நம் பையன்கள் ஏன் பள்ளியைப் பாதியில் விடுகிறார்கள் என்பதைத் தலைப்பாக எடுத்தேன். பெற்றோர் கண்டிப்பதில்லை, பையன்களுக்குப் பொறுப்பில்லை, சினிமா கெடுக்கிறது. கல்யாண மண்டபத்தில் மைக் பிடிப்பவர்கள் பேசுவதை அப்படியே மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். (பெரியவர்களைப் பழிக்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அன்று நானும் அதை நம்பித்தான் எழுதினேன்.) தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஏழு இடங்களில் மலாயில் ஒரே கேள்வி: 'மானா புக்தி?' ஆதாரம் எங்கே என்று. இருபதுக்கு ஆறு.

'தெரிந்த விஷயம்' என்று நினைப்பதுதான் இந்தப் பாடத்தில் கால் வாரிவிடும். தற்கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தனிப்பட்ட முடிவு உண்டா? 1897இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்கைம் அதற்கும் கணக்கெடுத்தார். கத்தோலிக்கப் பகுதிகளைவிடப் புரோட்டஸ்டன்ட் பகுதிகளில் விகிதம் கூடுதல் என்று காட்டி, மனிதர்களைச் சமூகம் எவ்வளவு இறுக்கமாகப் பிணைத்திருக்கிறது என்பதோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். அவருடைய புள்ளிவிவரத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், அதையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இது வராது.

எனக்கு உறைத்தது ரைட் மில்ஸ் பாடத்தில்தான். அமெரிக்கச் சமூகவியலாளர், 1959இல் எழுதியவர். ஒரு லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவன் பாடு. ஐந்து கோடி உழைப்பாளிகளில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அது நாட்டின் பிரச்சினை என்கிறார். விரிவுரையாளர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றதும் லயத்தையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலி செய்யச் சொன்னார்கள். பட்டர்வொர்த்துக்கு வந்து ஜாகா வேலையில், அதாவது காவலாளியாக, சேர்ந்தார். 'உங்க அப்பாவுக்குச் சாமர்த்தியம் பத்தாது' என்று அம்மா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். எங்கள் லயத்தில் பதினெட்டு வீடு. எனக்குத் தெரிந்து பதினொரு வீட்டு ஆண்கள் ஜாகா. பதினொரு பேருக்குமா சாமர்த்தியம் பத்தாது?

எல்லாப் பழியையும் சமூகத்தின் தலையில் கட்டுகிறான் என்பீர்கள். இல்லை. அப்பா கூட்டுப் பணத்தில், அதாவது சீட்டில், ஏமாந்தது முழுக்க அவர் தப்புதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அப்போது குளுகோரில் அறை எடுத்திருந்தேன். 'மேகி மட்டும்தான், கறி வாசம் வரக் கூடாது' என்பது வீட்டுக்காரம்மா சட்டம். ஒருநாள் ரசத்துக்குத் தாளித்ததற்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) அபராதம். அதே அம்மா ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தோடு வருவார்! அந்த இருபது வெள்ளி இன்னும் வயிற்றெரிச்சல்.

சரி, படிப்புக்கு வருவோம். உங்கள் விரிவுரையாளர் சொல்லாவிட்டாலும் மலேசியச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாத்தாஸைத் தேடிப் படியுங்கள். மலாய்க்காரர்கள் 'சோம்பேறிகள்' என்ற பேச்சு காலனி முதலாளிகளுக்கு எப்படிக் கைகொடுத்தது என்று 1977இல் எழுதினார். தோட்டக் கூலிக்கு வர மறுத்தவனுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. படித்துவிட்டு என் ஏழு 'மானா புக்தி'யையும் திரும்பப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது.

கடைசியில் பி பிளஸ் வாங்கினேன். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன், 'அதைப் படித்து என்ன வேலை கிடைத்தது' என்று கேட்க வருபவர்களுக்காகச் சொல்கிறேன்.

மில்ஸ் பாடம் நடந்த அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய், பதினொரு வீட்டுக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். இரவு ஷிஃப்டுக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். 'பன்னெண்டு. முனியாண்டி வீட்டை விட்டுட்டியே' என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.