மருந்து முடிஞ்சுது, களைப்பு மட்டும் ஏன் இன்னும் போகேல்ல?

போன மாசம் இந்தப் பக்கத்தில எனக்கு ஹெப்படைட்டிஸ் சி (ஈரலைத் தாக்கிற ஒரு வைரஸ் வருத்தம்) எப்பிடி வந்தது, எப்பிடி மாறினது எண்டு எழுதினன். அதுக்குப் பிறகு வந்த கடிதங்களில பாதிக்கு மேல ஒரே கேள்விதான், மருந்து முடிச்சாச்சு, இனி உடம்பை எப்பிடித் தேத்திறது எண்டு. அதால இந்த முறை முழுக்க அதுக்கே. நான் டொக்டர் இல்ல, அந்த வைரஸோட 30 வருசம் இருந்து மாறின ஒரு ஆள், இந்த விசயங்களை ஈரல் டொக்டர்மாரிட்டக் கேட்டும் வாசிச்சும் தெரிஞ்சு வைச்சிருக்கிறன். உங்கட கிளினிக்கில சொன்னதுக்கு மாறா நான் எழுதினது ஏதும் பட்டா அங்க சொன்னதையே கேளுங்கோ.

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயசு. 12 கிழமைக் குளிசை முடிச்சு இப்ப 2 மாசம். மூண்டாம் மாடி பிளட்டுக்கு ஏற ஏலாம இருக்கு, சமைச்சு முடிச்சு அடுப்பை நிப்பாட்டினவுடன குசினித் தரையிலயே இருந்திடுறன். இவர் "வருத்தம் மாறீட்டுது தானே, பிறகென்ன" எண்டு கேக்கிறார். எனக்கு எப்ப பழையபடி தெம்பு வரும்?
வெள்ளவத்தை வாசகி

தங்கச்சி, அந்தக் குசினித் தரையை வாசிக்க எனக்கு என்ட குசினிதான் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது. எனக்கு 1986ல ரெண்டாவது பிள்ளை பிறக்கேக்க இரத்தம் ஏத்தினவை, அந்தக் காலத்தில இது என்ன வைரஸ் எண்டு ஆருக்கும் தெரியாது, 1989லதான் கண்டுபிடிச்சவை, அதுக்குப் பிறகுதான் இரத்தத்தைச் சோதிக்கவே வழி வந்தது. (அந்த வேலைக்காக 2020ல 3 பேருக்கு நோபல் பரிசு குடுத்தவை, செய்தி பாத்த அண்டைக்கு நான் அழுதிட்டன்.) 2005ல வேற எதுக்கோ இரத்தம் சோதிக்கப் போய்த்தான் எனக்குத் தெரிய வந்தது. முதல்ல இன்டர்ஃபெரோன் ஊசி, கிழமைக்கு ஒண்டு, 48 கிழமை, அதோட ரிபாவிரின் குளிசை, அது சிவப்பு அணுக்களை உடைச்சு இரத்தத்தைக் குறைச்சுப்போடும், அவ்வளவு பாடுபட்டும் வைரஸ் போகேல்ல. பிறகு 2017லதான் சொஃபோஸ்புவிர் சேர்ந்த குளிசை கிடைச்சது, 12 கிழமை. கடைசிக் குளிசையைப் போட்ட இரவு நான் நினைச்சன் விடிய எழும்ப வேற ஆளா இருப்பன் எண்டு. விடிய எழும்பி குளிக்கிற வாளியைத் தூக்கப் போனா அரை வாளித் தண்ணி தூக்க ஏலேல்ல, கை நடுங்கினது.

அதால முதல்ல இவரிட்டச் சொல்லுங்கோ, வைரஸ் போறது ஒண்டு, உடம்பு தேறுறது இன்னொண்டு. வருசக்கணக்கா அந்த வைரஸோட உடம்பு சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தது, அந்தச் சூடு அடங்க நாள் எடுக்கும். அதோட களைப்பில படுத்துப் படுத்தே கழிஞ்ச காலத்தில கால் தசை, தொடைத் தசை எல்லாம் கரைஞ்சு போயிருக்கும், அது வைரஸ் போன கையோட தானா திரும்பி வராது, வேலை குடுத்துச் சாப்பாடு குடுத்துத்தான் கட்டோணும். சிலருக்கு மருந்து நடக்கேக்கையே தெளிவு வந்திடும், சிலருக்கு 6 மாசம், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். ஈரல் கூடப் பழுதான ஆக்களுக்குக் கொஞ்சக் களைப்பு நிண்டுகொள்ளவும் பாக்கும். எனக்கு வாளி முழுசாத் தூக்க 5 மாசம் பிடிச்சுது.

நீங்கள் 2 மாசத்தில நிக்கிறீங்கள், அப்ப இன்னும் அந்தப் பெரிய சோதினை செய்யேல்ல. கடைசிக் குளிசை போட்ட நாளில இருந்து 12 கிழமை கழிச்சு இரத்தத்தில வைரஸ் இருக்கோ எண்டு பிசிஆர் செய்து பாக்கோணும், அதில ஒண்டும் தெரியாட்டித்தான் மாறீட்டுது எண்டு சொல்லுறது. இந்தப் புதுக் குளிசைகளில 100 பேரில 95க்கு மேல மாறுது, அதால பயப்பிட வேண்டாம், ஆனா சோதினையை மட்டும் தவற விடாதீங்கோ. நல்லாத்தானே இருக்கிறன் எண்டு கிளினிக்குக்குப் போகாம விட்ட ஆக்களை எனக்குத் தெரியும்.

அந்த இரத்தம் எடுக்கேக்கையே டொக்டரிட்டச் சொல்லி ஹீமோகுளோபின், தைரொயிட், சீனி, பி12, கிரியட்டினின் (கிட்னிக்குப் பாக்கிறது) இதுகளையும் பாத்துக்கொள்ளுங்கோ. ஏனெண்டா ஹெப்படைட்டிஸ் சி வந்த ஆளுக்கு என்ன களைப்பு வந்தாலும் எல்லாரும் ஈரல்லதான் பழி போடுவினம், நாங்களே போடுவம். எனக்கு 4ம் மாசத்திலயும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு பெரிய இடத்தில காட்டினன், றிப்போட்டைத் திறந்தும் பாக்காம "அது ஈரல், அப்பிடித்தான் இருக்கும்" எண்டு அனுப்பிப்போட்டினம். பிறகு எங்கட குடும்ப டொக்டர்தான் தைரொயிட் பாத்தவர், அது குறைவு. ஒரு சின்னக் குளிசை, விடிய வெறும் வயித்தில, 2 மாசத்தில மனுசியா வந்திட்டன். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகேல்ல, அதாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன், 46 வயசுப் பொம்பிளைக்கு தைரொயிடும் இரத்தக் குறைவும் நல்லா வரக்கூடிய சாமான், கேட்டு வாங்கிச் சோதியுங்கோ.

நடை எண்டா, உங்களுக்கு மரீன் டிரைவ் பக்கத்திலதானே, பின்னேரம் 5 மணிக்குப் பிறகு வெயில் தாழ 10 நிமிசம் போங்கோ, 10 நிமிசம் மட்டும். நல்லா இருக்கு எண்டு பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்திட்டு அடுத்த ரெண்டு நாள் படுத்துக் கிடக்கிறதுதான் நாங்கள் எல்லாரும் விடுற பிழை. கிழமைக்கு ரெண்டு மூண்டு நிமிசம் கூட்டுங்கோ, காணும். அதோட கதிரைப் பயிற்சி, கையை நெஞ்சில கட்டிக்கொண்டு கதிரையில இருந்து எழும்பி எழும்பி இருக்கிறது. நான் 4 தரத்தில மூச்சு வாங்கினனான். ஒரு சிஆர் கொப்பியில திகதி போட்டு எழுதி வைச்சன், "4", "4", "5", "3 (மழை, காய்ச்சல் குணம்)", "6" எண்டு, ரெண்டு மாசம் கழிச்சுத் திருப்பிப் பாக்க "14" எண்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் பாத்தா ஒண்டும் கூடாத மாதிரித்தான் இருக்கும், கொப்பியில பாத்தாத்தான் தெரியும். மாடியை முதலாம் மாடியில ஒருக்கா நிண்டு, ரெண்டாம் மாடியில ஒருக்கா நிண்டு ஏறுங்கோ, ஆரும் பாத்தாப் பாக்கட்டும்.

பகல்ல படுக்கிறதெண்டா அரை மணித்தியாலம், 3 மணிக்கு முதல். அதுக்கு மேல போனா இரவு நித்திரை கெட்டுப்போகும், பிறகு அடுத்த நாளும் இதே கதைதான்.

கேள்வி: எனக்கு 58 வயசு. ஈரல் சுருங்கீட்டுது எண்டு சொல்லித்தான் மருந்து தந்தவை, இப்ப வைரஸ் இல்ல எண்டு றிப்போட் வந்திட்டுது. வீட்டில மீன், முட்டை, பருப்பு ஒண்டும் தரீனமில்ல, ஈரலுக்குப் பாரமாம். கஞ்சியும் பாணும்தான். உடம்பு மெலிஞ்சு போச்சு. இது சரியா?
கொட்டாஞ்சேனை வாசகர்

பிழை ஐயா, முழுப் பிழை. பழைய ஆக்கள் அப்பிடிச் சொல்லுவினம், மஞ்சள்காமாலைக்குப் பத்தியம் காத்த பழக்கம் அது. ஆனா ஈரல் சுருங்கின ஆளுக்குத்தான் புரதம் கூட வேணும், ஏனெண்டா ஈரல் சக்தியைச் சேத்து வைக்க ஏலாம இருக்கேக்க உடம்பு தசையைத்தான் கரைச்சுத் தின்னும். ஒரு கிலோ நிறைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரதம் எண்டுதான் ஈரல் டொக்டர்மார் சொல்லுறது. நீங்கள் 60 கிலோ எண்டா 72ல இருந்து 90 கிராம். முட்டையில 6 கிராம் அளவில இருக்கு, 100 கிராம் மீனில 20 கிராம் அளவில. விலை விக்கிற விலையில அறக்குளாதான் வேணுமெண்டு இல்ல, சாளையும் நெத்தலியும் அதே வேலையைச் செய்யும். காலமை அவிச்ச கௌபி இல்லாட்டிக் கடலை, மத்தியானம் மீனும் பருப்பும், பின்னேரம் தயிர். கிட்னியில ஏதும் பிரச்சினை இருந்தா மட்டும் அளவை டொக்டரிட்டக் கேளுங்கோ.

இன்னொண்டு, இரவு படுக்க முதல் ஏதாவது சாப்பிட்டிட்டுப் படுங்கோ, ஒரு கப் பாலும் ரெண்டு பிஸ்கட்டும், இல்லாட்டிப் பாண் ரெண்டு துண்டு பட்டர் பூசி. ராத்திரி முழுக்க வெறும் வயித்தில கிடந்தா விடியிறதுக்குள்ள உங்கட உடம்புக்கு அது ரெண்டு மூண்டு நாள் பட்டினி கிடந்த மாதிரி. அதாலதான் கந்தசஷ்டியோ தவக்காலமோ, நீங்கள் நீண்ட நேரம் சாப்பிடாம விரதம் இருக்கக்கூடாது எண்டு சொல்லுறன், கடவுள் கோவிக்க மாட்டார். உப்பைக் குறையுங்கோ, கருவாடு, அச்சாறு, அப்பளம் இதுகளைத்தான் விடவேணும், வீட்டுக்காரர் மீனை நிப்பாட்டிக் கருவாட்டுச் சம்பல் தந்தா அது தலைகீழ். குடி எண்டா ஒரு துளியும் வேண்டாம், கலியாண வீட்டில ஒரு கிளாஸ் பியர் எண்டாலும்.

நோவுக்கு டைக்குளோபெனாக், இபுபுரோஃபென் வேண்டாம், கிட்னியையும் வயித்தையும் பதம் பாக்கும். பெனடோல் போடலாம், ஆனா உங்களுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை 4க்கு மேல போகக்கூடாது.

ஐயா, இதை மட்டும் கலண்டரில எழுதி வையுங்கோ: 6 மாசத்துக்கு ஒருக்கா வயித்து ஸ்கான். வைரஸ் போனாலும் ஈரல் சுருங்கின ஆக்களுக்குப் புற்றுநோய் வாற ஆபத்து குறையுமே தவிர இல்லாமப் போகாது, அதால வருசம் எத்தினை போனாலும் இந்த ஸ்கானை நிப்பாட்டக்கூடாது. ஆரம்பத்தில கண்டா செய்யிறதுக்கு வழி இருக்கு. கறுப்பா மலம் போனா, இரத்தமா சத்தி எடுத்தா, வயிறு ஊதினா, கதை தடுமாறினா விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இராம உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

கேள்வி: அன்ரி, அம்மாக்கு மருந்து முடிஞ்சுது. சித்தி ஈரலுக்கு நல்லது எண்டு சீந்தில் கசாயமும், தெரிஞ்ச ஒராள் மஞ்சள் கப்சியூலும் கிரீன் டீ கப்சியூலும் கொண்டு வந்து தந்திருக்கினம். குடுக்கலாமா?
தெஹிவளை வாசகர்

வேண்டாம் தம்பி. சீந்தில், கிரீன் டீ சாறு எடுத்த கப்சியூல், மஞ்சள் கப்சியூல், அஸ்வகந்தா, இந்த எல்லாத்தாலயும் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்களைப் பற்றி டொக்டர்மார் எழுதி வைச்சிருக்கினம். கறியில போடுற மஞ்சள் வேற, அதைச் சாறாக்கிக் கப்சியூலில அடைச்சு நாளுக்கு ரெண்டு விழுங்கிறது வேற. இரும்புக் குளிசையும் சோதிக்காம வாங்கிக் குடுக்காதீங்கோ. காலமை இலைக்கஞ்சி, சோத்தோட கொஞ்சம் வல்லாரைச் சம்பல், முருங்கை இலைச் சுண்டல் இதெல்லாம் சாப்பாடு, தாராளமாக் குடுங்கோ. அம்மா கோப்பி குடிப்பாவெண்டா அதுவும் நல்லது, நாளுக்கு ரெண்டு மூண்டு கப் குடிக்கிற ஆக்களுக்கு ஈரல் தழும்பு குறைவா இருக்கெண்டு கனக்க ஆராய்ச்சியில கண்டிருக்கினம், சீனியை மட்டும் குறைச்சுப் போடச் சொல்லுங்கோ. சித்தியோட சண்டை பிடிக்க வேண்டாம், கிளினிக்கில வேண்டாம் எண்டு சொன்னவை எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ.

கேள்வி: எனக்கு வைரஸ் இல்லையெண்டு வந்து ஒரு வருசம். இன்னும் மாமி வீட்டில எனக்குத் தனிப் பிளேட், தனிக் கப். போன மாசம் வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் செய்ய திரும்பவும் பொசிட்டிவ் எண்டு வந்திட்டுது, மாமி பாத்தியா எண்டு கேக்கிறா. எனக்கு ஒண்டுமே விளங்கேல்ல.
மட்டக்குளி வாசகி

பிள்ளை, அழாதேங்கோ. அந்த மெடிக்கலில அநேகமாப் பாத்தது ஆன்டிபொடி. அது உங்கட உடம்பு அந்த வைரஸோட சண்டை பிடிச்சதுக்கு மிஞ்சின அடையாளம், மாறின ஆளுக்கும் வருசக்கணக்கா, அனேகமாச் சாகும் வரைக்கும் பொசிட்டிவ் எண்டுதான் காட்டும், எனக்கும் காட்டுது. இப்ப வைரஸ் இருக்கோ எண்டு சொல்லுறது பிசிஆர்தான். அதை ஒருக்காத் திரும்பச் செய்து, இல்லையெண்டு வந்த றிப்போட்டையும் டொக்டரின்ட கடிதத்தையும் எடுத்து ரெண்டு மூண்டு போட்டோகொப்பி அடிச்சுப் பையில வையுங்கோ, எங்க சோதிச்சாலும் முதலே காட்டுங்கோ. இரத்ததானம் மட்டும் இனி குடுக்க ஏலாது.

பிளேட், கப் விசயம், வைரஸ் இருந்த காலத்திலகூட அது சாப்பாட்டால, கப்பால, கட்டிப்பிடிக்கிறதால பரவாது, இரத்தத்தாலதான் பரவும். ரேசர், பல் தூரிகை, ஊசி இதுகளை ஆரோடயும் பங்கு போடாதீங்கோ, அது எல்லாருக்கும் பொருந்தும், உங்களுக்கும் திரும்பத் தொத்தலாம், ஒருக்கா வந்து மாறினது காப்பு இல்ல, இதுக்குத் தடுப்பூசியும் இல்ல. மாமியை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கட மாமி நாங்கள் சொல்ல நம்பேல்ல, வெள்ளைக் கோட் போட்ட ஒரு சின்னப் பெடியன் சொல்ல நம்பினவ, அண்டு இரவு என்ட கப்பில பிளேன்டீ ஊத்திக் குடிச்சவ.

கேள்வி: மாறின பிறகு 7 கிலோ கூடீட்டுது, மனமும் ஏனோ சோர்வாவே இருக்கு. ஏன்?
வத்தளை வாசகர்

பசி திரும்பி வாறதால கன பேருக்கு நிறை கூடுது, அதோட கெட்ட கொலஸ்ட்ரோலும் ஏறக்கூடும், ஏனெண்டா வைரஸ் இருக்கேக்க அதைக் குறைச்சு வைச்சிருந்தது. கொலஸ்ட்ரோலையும் சீனியையும் சோதியுங்கோ, சீனிக்கு மருந்து எடுக்கிறீங்கள் எண்டா அளவு மாத்த வேண்டி வரலாம். கொத்து, ரோல்ஸ், இனிப்புச் சோடா இதுகளைக் குறைக்கோணும், ஈரல்ல கொழுப்புப் படிஞ்சா திரும்பவும் அதே ஈரலுக்குத்தான் அடி.

மனச்சோர்வுக்கு, ஒரு வருசமா கிளினிக், குளிசை, றிப்போட் எண்டு ஓடின ஆளுக்கு அது முடிஞ்சவுடன ஒரு வெறுமை வாறது எனக்கும் வந்தது. ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்ல, ஒண்டிலயும் விருப்பம் இல்லையெண்டா அதையும் வருத்தமா நினைச்சு டொக்டரிட்டச் சொல்லுங்கோ. 1926க்கு அடிச்சாலும் கதைப்பினம், அது அரசாங்க மனநல உதவி இலக்கம்.