வெப்சைட் முடங்குகிறது என்பதற்காக 62 வயதிலேயே சோஷியல் செக்யூரிட்டி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வரும் செப்டம்பரில் 62 முடிகிறது. நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அமெரிக்காவில் 24 வருடமாக ஐடி வேலை, வருடச் சம்பளம் 90,000 டாலர், 65 வரை ஓட்டலாம் என்று திட்டம். மனைவிக்கு 58, அவர் இங்கே வேலைக்குப் போனதில்லை. என் சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியம்) கணக்கைப் பார்க்கப் பலமுறை முயன்றேன். ஒருநாள் லாகின் பக்கமே வரவில்லை, வந்த அன்று பாதியில் நின்றுவிட்டது. போன் செய்தால் இயந்திரக் குரல்தான் பேசுகிறது. இவ்வளவு ஊழியர்களை வெளியே அனுப்பிய பிறகு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் எப்படி நடக்கும், கிடைக்கும்போதே வாங்கிக்கொள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பழைய ஸ்டேட்மெண்டில் 67 வயதில் மாதம் 2,800 டாலர் என்று இருந்தது. 62இலேயே விண்ணப்பித்துவிடட்டுமா சார்?

பதில்: வேண்டாம். முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது, ஆனால் உங்கள் நண்பர்கள் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை: வேலையில் இருந்துகொண்டே இப்போது விண்ணப்பித்தால் உங்கள் கைக்கு ஒரு டாலர்கூட வராது. முழுத் தொகை கிடைக்கிற 67 வயதுக்கு முன்னால் வாங்குபவர்களுக்குச் சம்பள வரம்பு உண்டு, 2025இல் அது 23,400 டாலர், அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரை நிறுத்திவைப்பார்கள். உங்கள் சம்பளத்துக்கு நிறுத்திவைக்க வேண்டிய தொகை 33,300 டாலர். 62இல் உங்களுக்குச் சேர வேண்டியதோ 2,800இல் 70 சதவீதம், அதாவது மாதம் 1,960, வருடத்துக்கு 23,520. மொத்தமும் போய்விடும். நிறுத்திவைத்த மாதங்களைக் கணக்கில் எடுத்து 67இல் தொகையைச் சரிசெய்வார்கள், அது உண்மைதான். ஆனால் வருகிற பணத்தைப் பிடித்துக்கொள்ளத்தானே இந்த அவசரம்? பணமே வராத ஒன்றுக்கு எதற்கு ஓட வேண்டும்.

சரி, உங்கள் பயம் வெறும் வதந்தியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரி கடைசியில் ஊழியர் எண்ணிக்கையை 57,000இலிருந்து 50,000 ஆகக் குறைக்கப் போவதாக அந்த அலுவலகமே அறிவித்தது, 10 மண்டல அலுவலகங்களை 4 ஆகச் சுருக்கினார்கள், தொழில்நுட்பப் பிரிவும் தப்பவில்லை. மார்ச்சில் வெப்சைட் அடுத்தடுத்து முடங்கியது. எஸ்எஸ்ஐ எனும், வருமானம் குறைந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் தரும் உதவித்தொகையை நம்பி வாழும் பலர் உள்ளே போய்ப் பார்த்தால் "உங்களுக்கு இப்போது எந்தத் தொகையும் வழங்கப்படவில்லை" என்கிற மாதிரி ஒரு செய்தி. அது பிழை என்று பிறகு அலுவலகமே ஒப்புக்கொண்டது, ஆனால் மாத வாடகைக்கு அந்தப் பணத்தையே நம்பியிருக்கும் ஒரு வயதானவர் அதைப் படித்த நிமிடம் எப்படி இருந்திருக்கும்? அந்த அலுவலகத்தின் முன்னாள் கமிஷனர் மார்ட்டின் ஓமாலி, 30 முதல் 90 நாட்களுக்குள் பணம் போவதே தடைபடலாம் என்று எச்சரித்தார். அந்த 90 நாட்கள் போயின, பணம் தேதி தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தது.

அது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நீங்கள் லாகின் செய்கிற பக்கம் வேறு, மாதாமாதம் பணம் அனுப்புகிற வேலை வேறு. பணம் அனுப்பும் வேலை பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டர்களில், 6 கோடி வரிகளுக்கு மேல் கோபோல் (COBOL) என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதின நிரல்களில் நடக்கிறது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் அங்கிருந்து கருவூலத்துக்குப் போகும், கருவூலம் வங்கிக்கு அனுப்பும். பிறந்த தேதி 1 முதல் 10 வரை இருந்தால் மாதத்தின் இரண்டாவது புதன், 11 முதல் 20 வரை மூன்றாவது புதன், மற்றவர்களுக்கு நான்காவது புதன். வங்கி ஆப் திறக்கவில்லை என்றால் கணக்கிலிருந்த பணம் காணாமல் போய்விட்டது என்று நாம் நினைப்பதில்லையே, அதே கதைதான். (அந்தக் கோபோல் நிரல்களையே அவசர அவசரமாக மாற்றி எழுதக் கிளம்பினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். வெப்சைட் முடங்குவதற்கெல்லாம் இல்லை.)

ஆட்குறைப்பால் நிஜமாக அடிபடுபவர்கள் வேறு ஆட்கள். ஊனமுற்றோர் உதவிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர், வங்கிக் கணக்கை மாற்ற வேண்டியவர், கணவரை இழந்து புதிதாக விண்ணப்பிக்கிறவர், கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் திருப்பிக்கொடு என்று கடிதம் வந்தவர். இவர்களுக்கெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து கோப்பைப் பார்த்தாக வேண்டும், அந்த மனிதர்தான் இப்போது குறைவு. நீங்கள் இன்னும் அந்த வரிசையில் இல்லை.

இப்போது, ஒருவேளை வேலை போய் 62இலேயே வாங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 67 வரை உங்களுக்கு 1,17,600 டாலர் வந்திருக்கும், அது முன்கூட்டியே வந்த லாபம். அதன்பிறகு ஆயுள் முழுக்க மாதம் 840 டாலர் குறைவு. சுமார் 78 வயது 8 மாதத்தில் இரண்டும் சமமாகிவிடும், அதைத் தாண்டி வாழ்கிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். 65இல் வாங்கினால் சுமார் 2,426. 70 வரை பொறுத்தால் 3,472.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதிகம் யோசிப்பது உங்களைப் பற்றி அல்ல, உங்கள் மனைவியைப் பற்றி. அவருக்குச் சொந்தமாகச் சோஷியல் செக்யூரிட்டி இல்லை. நீங்கள் இருக்கும்வரை, அவருடைய 67இல் உங்கள் 2,800இல் பாதியான 1,400 வரை கிடைக்கும், நீங்கள் எப்போது வாங்கினாலும் அந்தப் பாதி குறையாது. உங்களுக்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும். 62இல் வாங்கத் தொடங்கியவரின் மனைவிக்கு அதிகபட்சம் 2,800இல் 82.5 சதவீதம், 2,310 டாலர். 70 வரை காத்திருந்தவரின் மனைவிக்கு முழு 3,472. உங்களைவிட 4 வயது சின்னவர், தனியாக எத்தனை வருடம் இருப்பாரோ, அதுவரை மாதம் 1,162 டாலர் வித்தியாசம். ஏதோ ஒரு நாள் லாகின் பக்கம் திறக்கவில்லை என்பதற்காக இதை விட்டுக்கொடுப்பீர்களா?

வேலையும் போய், 401கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பும் பெரிதாக இல்லாமல், உடம்பும் சரியில்லை என்றால் 62இல் தாராளமாக வாங்குங்கள், அது தப்பே இல்லை. 2033இல் ஓய்வூதிய நிதி தீர்ந்துவிடுமே என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். 2025 அறிக்கைப்படி தீர்ந்தாலும் உள்ளே வரும் வரியை வைத்து 77 சதவீதம் கொடுக்க முடியும். அது நாடாளுமன்றம் தீர்க்க வேண்டிய சண்டை, அதற்கும் வெப்சைட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. சீக்கிரம் வாங்கியவர்களை அந்த வெட்டிலிருந்து விட்டுவிடுவார்கள் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

செய்ய வேண்டியது காகித வேலை. வெப்சைட் உயிரோடு இருக்கும் ஒரு நாளில் உள்ளே போய், வருட வாரியான சம்பளப் பட்டியலோடு ஸ்டேட்மெண்டை இறக்கி அச்செடுத்து வையுங்கள். பழைய பயனர் பெயர் இனி செல்லாது, லாகின்.கவ் (Login.gov) அல்லது ஐடி.மி (ID.me) என்கிற அடையாளச் சரிபார்ப்புத் தளம் வழியாகத்தான் போக வேண்டும், அந்தக் கணக்கை இப்போதே தொடங்கிவிடுங்கள். உள்ளேயே போக முடியவில்லையா, எஸ்எஸ்ஏ-7004 படிவத்தைத் தபாலில் அனுப்பினால் ஸ்டேட்மெண்ட் வீட்டுக்கே வரும். வந்ததும் கம்பெனி வருடாவருடம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 தாள்களோடு ஒவ்வொரு வருடமாக ஒப்பிடுங்கள். கம்பெனி மாறிய வருடங்களில்தான் சம்பளம் விடுபட்டிருக்கும். பொதுவாக 3 வருடம், 3 மாதம், 15 நாளுக்குள் திருத்தக் கேட்க வேண்டும், விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் கையில் டபிள்யூ-2 இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

விண்ணப்பிக்கும் காலம் வரும்போது பணம் தொடங்க வேண்டிய மாதத்துக்கு 4 மாதம் முன்பே போடலாம், அந்த 4 மாதத்தையும் பயன்படுத்துங்கள். அன்றைக்குப் பார்த்து வெப்சைட் படுத்துவிட்டால் போனிலேயே விண்ணப்பிக்கலாம். போனில் முடியாது, நேரில் வர வேண்டும் என்று 2025 மார்ச்சில் அறிவித்ததை எதிர்ப்பு வந்ததும் ஏப்ரலில் பெரும்பாலும் கைவிட்டார்கள், சந்தேகம் எழுந்தவர்களை மட்டும் நேரில் அழைப்பார்கள். அதுவும் முடியாவிட்டால், விண்ணப்பிக்க விரும்புகிறேன் என்று எழுத்தில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள், 6 மாதத்துக்குள் விண்ணப்பத்தை முடித்தால் அந்தத் தேதியே உங்கள் தேதியாக எண்ணப்படும். அப்புறம், ஸ்டேட்மெண்ட் தயார், இங்கே தட்டுங்கள் என்று வருகிற மின்னஞ்சலைத் தொடவே வேண்டாம், குழப்பம் நடக்கும் இடத்தில் மோசடிக்காரன் கடை போட்டுவிடுவான்.

இதில் நீங்கள் கேட்காத ஒன்று, மெடிகேர், அதாவது 65 வயதுக்கு மேல் அரசு தரும் மருத்துவக் காப்பீடு. அதற்கும் இதே அலுவலகம்தான் வாசல். 65க்குப் பிறகும் வேலையில் தொடர்ந்து, கம்பெனியில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்து, அவர்கள் காப்பீட்டில் நீங்கள் இருந்தால் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். வேலையை விட்டதும் 8 மாதத்துக்குள் சேர வேண்டும். தவறவிட்டால் ஒவ்வொரு 12 மாதத் தாமதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம், அது ஆயுள் முழுக்க. 65இலேயே வேலையை விடுவதாக இருந்தால் பிறந்தநாள் மாதத்துக்கு 3 மாதம் முன்பே, அதாவது அந்த வருடம் ஜூனிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.