ஃபோனிலும் டேப்பிலும் வீடியோவை ஓட்டுவது எது? கேள்விகளும் பதில்களும்

புது ஃபோன், பழைய ஃபோன், மலிவு டேப், விலை உயர்ந்த டேப் என்று எல்லாவற்றிலும் ஒரே வீடியோவை ஓட்டிப் பார்த்து, எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. "வீடியோ பார்க்க எது நல்லது?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் ஃபோன் புதுசு. எட்டு கோர் ப்ராசஸர், 8 ஜிபி ரேம். 4கே படம் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் ஒரு அனிமே ஃபைல், வெறும் 1080பி தான், திக்கித் திணறுகிறது. ஃபோனும் சுடுகிறது. ஏன்?

பதில்: தம்பி, ரேம் மீதும் கோர் மீதும் பழி இல்லை. வீடியோவை ஓட்டுவது அவை இரண்டுமே இல்லை.

ஒரு 4கே ஃப்ரேமில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 50 கோடி பிக்சல். சுருக்கி வைத்த ஃபைலிலிருந்து நொடிக்கு நொடி இத்தனையையும் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். ப்ராசஸரை வைத்தே இதைச் செய்யலாம், பேட்டரி மடமடவென்று இறங்கும், அவ்வளவுதான். அதனால் சிப்புக்குள்ளேயே வீடியோவுக்கென்று தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். ஹார்டுவேர் டீகோடர் என்பது அதுதான். கொஞ்சம் மின்சாரத்தில் பெரிய வேலையை முடித்துவிடும். ஆனால் எந்தெந்த வகை வீடியோவுக்கென்று அதைச் செய்தார்களோ அதை மட்டும்தான் ஓட்டும். இட்லிக் குண்டானில் தோசை வார்க்க முடியாது இல்லையா, அந்த மாதிரி.

உங்கள் அனிமே ஃபைல் பெரும்பாலும் எச்.264 என்ற சுருக்க வகையில், 10 பிட் வண்ணம் (நிறங்களுக்கு இடையே கூடுதல் நுணுக்கமான படிகள்) கொண்டதாக இருக்கும். 'ஹை 10' என்பார்கள். கார்ட்டூன் வானம் போல ஒரே நிறம் பரவியிருக்கும் இடங்களில் கோடு கோடாகத் தெரியாமல் இருக்க, அனிமே ரசிகர்கள் ஒரு காலத்தில் இதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஃபோன் சிப் செய்பவர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. டீகோடர் கைவிரித்ததும் பிளேயர் சத்தம் போடாமல் வேலையை ப்ராசஸரிடம் தள்ளிவிடும். திணறலுக்கும் சூட்டுக்கும் அதுதான் காரணம். உங்கள் 4கே படமும் ஒருவேளை 10 பிட்டாகவே இருக்கலாம். ஆனால் அது எச்இவிசி என்ற அடுத்த தலைமுறைச் சுருக்க வகையில் இருக்கும். அதன் 10 பிட் வடிவம் இன்றைய சிப்புகளில் சாதாரணமாக இருக்கிறது.

கேள்வி: சார், என் கருவியில் எது ஹார்டுவேரில் ஓடுகிறது, எது சாஃப்ட்வேரில் ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: எம்எக்ஸ் பிளேயர் இருந்தால் மேலே எச்டபிள்யூ, எச்டபிள்யூ+, எஸ்டபிள்யூ என்று ஒன்று தெரியும். எஸ்டபிள்யூ என்றால் ப்ராசஸர் உழைக்கிறது. தொட்டு மாற்றிப் பார்க்கலாம்.

யூடியூபில் செட்டிங்ஸுக்குள் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை இயக்கிவிட்டு வீடியோவை ஓட்டுங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) என்ற வரியில் ஏவிசி1 என்றிருந்தால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. உங்கள் கருவிக்கு யூடியூப் எதைப் பரிமாறுகிறது என்று இதில் தெரிந்துவிடும்.

இன்னும் உள்ளே போக ஆசை என்றால், கோடெக் பட்டியல் காட்டும் செயலிகள் ப்ளே ஸ்டோரில் இலவசமாக உண்டு. பட்டியலில் டீகோடரின் பெயரைக் கவனியுங்கள். 'ஆண்ட்ராய்டு' என்று வந்தால் அது சாஃப்ட்வேர். 'க்யூடிஐ' அல்லது 'க்யூகாம்' என்று வந்தால் குவால்காம் சிப்பின் ஹார்டுவேர். 'எம்டிகே' மீடியாடெக், 'எக்ஸினோஸ்' சாம்சங். கடைக்குப் போகும்போது இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விற்பனையாளர் கேமராவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், பரவாயில்லை.

கேள்வி: ஏவி1 இல்லாத ஃபோன் வாங்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. வரிசையைச் சொல்லிவிடுகிறேன். எச்.264 வந்தது 2003-ல். எச்இவிசியும் கூகுளின் விபி9-உம் 2013-ல். ஏவி1 2018-ல். ஒவ்வொரு தலைமுறையும் அதே தரத்தைக் குறைந்த டேட்டாவில் தருகிறது. எச்.264-க்கு வேண்டிய டேட்டாவில் கிட்டத்தட்ட பாதி போதும் என்பது எச்இவிசி வந்தபோது சொன்ன கணக்கு. ஏவி1 அதையும் இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. எச்இவிசிக்கு உரிமக் கட்டணம் உண்டு. ஏவி1-க்கு அப்படி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் எல்லோரும் கூட்டுச் சேர்ந்தார்கள்.

ஃபோன் சிப்பில் ஏவி1 ஹார்டுவேர் டீகோடரை முதலில் கொண்டுவந்தது மீடியாடெக், டைமென்சிட்டி 1000-ல், 2019 கடைசியில். கூகுள் 2021-ல் பிக்சல் 6-ல் வைத்தது. குவால்காம் ரொம்பவே தாமதம். ஸ்னாப்டிராகன் 888-லும் இல்லை, 8 ஜென் 1-லும் இல்லை. 2022 நவம்பரில் அறிவித்த 8 ஜென் 2-ல்தான் வந்தது. ஆப்பிள் இன்னும் தாமதம். 2023-ல் ஐஃபோன் 15 ப்ரோவின் ஏ17 ப்ரோ சிப்தான் முதல். அதே ஆண்டின் சாதாரண ஐஃபோன் 15-ல் கிடையாது. ஐபேடில் 2024-ன் எம்4 ஐபேட் ப்ரோவிலிருந்து உண்டு. அதனோடு சேர்ந்து வந்த எம்2 ஐபேட் ஏரில் இல்லை.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. யூடியூப் விபி9-ஐத் தரும். ஆண்ட்ராய்டில் சாஃப்ட்வேர் டீகோடரும் இருக்கிறது. விஎல்சி பிளேயரைத் தரும் விடியோலான் ஆட்கள் எழுதிய 'டேவிட்' என்கிற ஏவி1 டீகோடர் அசாத்திய வேகம். சுமாரான ஃபோனிலேயே 1080பி-யை ஓட்டிவிடும். பேட்டரிதான் விலை. ஐந்து வருடம் வைத்திருப்பேன் என்றால் ஏவி1 உள்ளதைத் தேடுங்கள். இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவேன் என்றால் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 8கே ஓடும் ஃபோன்?

பதில்: ஓடட்டும். அந்த அளவு திரையில் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: அண்ணா, ஷாவ்மி பேட் 6, ஒன்ப்ளஸ் பேட். இரண்டுமே 2023 மாடல். பழையதாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். படம் பார்க்க மட்டும்தான். எது?

பதில்: நல்ல ஜோடியைப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டிலும் எல்சிடி திரை, இரண்டும் 144 ஹெர்ட்ஸ். வித்தியாசம் இரண்டு இடத்தில்.

முதலாவது சிப். ஷாவ்மியில் ஸ்னாப்டிராகன் 870, ஏவி1 ஹார்டுவேர் கிடையாது. ஒன்ப்ளஸில் டைமென்சிட்டி 9000, உண்டு. விளையாட்டுக்காரர்கள் இரண்டில் எது வேகம் என்று சண்டை போடுவார்கள். வீடியோவுக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை.

இரண்டாவது, திரையின் வடிவம். ஷாவ்மி 11 அங்குலம், 16:10. ஒன்ப்ளஸ் 11.61 அங்குலம், 7:5, அதாவது கொஞ்சம் சதுரமாக, புத்தகம் மாதிரி இருக்கும். பெரிய திரை என்று நினைத்துத்தான் வாங்குவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16:9 வீடியோவை ஓட்டினால் ஷாவ்மியில் படம் மூலைக்கு மூலை 10.7 அங்குலம், ஒன்ப்ளஸில் 10.8. அவ்வளவுதான் வித்தியாசம், மீதியெல்லாம் கறுப்புப் பட்டை. நம் சினிமாக்கள் பெரும்பாலும் சினிமாஸ்கோப், 2.39:1. அதில் ஷாவ்மி திரையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் படம் நிரப்பும். ஒன்ப்ளஸில் அறுபது சதவீதம்கூட நிரம்பாது. ஐபேட் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதை.

வேடிக்கை என்னவென்றால் சினிமாஸ்கோப்புக்குப் பொருத்தமான திரை ஃபோனில்தான் இருக்கிறது. 20:9 ஃபோன் திரையின் உயரத்தில் 93 சதவீதத்தைப் படம் நிரப்பிவிடும். ஆனால் 6.7 அங்குல ஃபோனில் படத்தின் அகலம் 6 அங்குலத்துக்குச் சற்று மேல், 11 அங்குல டேப்பில் 9.3 அங்குலம். பட்டை இருந்தாலும் டேப்தான் பெரிது.

என்னைக் கேட்டால் படத்துக்கு மட்டும் என்றால் ஷாவ்மி. ஏவி1 இல்லாததை விட்டுக்கொடுக்கலாம், தினமும் கண்ணில் படும் பட்டையை விட்டுக்கொடுப்பது கஷ்டம். பிடிஎஃப் நிறையப் படிப்பீர்கள் என்றால் ஒன்ப்ளஸ்.

கேள்வி: ஐயா, பேரன் ஒரு மலிவு டேப் வாங்கித் தந்தான். யூடியூப் பளிச்சென்று இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் போட்டால் மட்டும் மங்கல். இணைய வேகம் குறைவா?

பதில்: இல்லைங்க ஐயா, யூடியூப் நன்றாக வருகிறதே, இணையம் சரியாகத்தான் இருக்கிறது. இது பூட்டு விவகாரம். காசு கொடுத்துப் பார்க்கும் படங்களைத் திருடாமல் இருக்க கூகுளின் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறை இருக்கிறது. எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் வீடியோவைப் பிரிப்பதும் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடக்கும். எல்3 என்றால் எல்லாம் சாஃப்ட்வேரில். எல்3 கருவிக்கு நெட்ஃப்ளிக்ஸ் எஸ்டி (எச்டிக்குக் கீழான) தரத்துக்கு மேல் தராது. நீங்கள் எவ்வளவு பெரிய சந்தா கட்டினாலும் சரி.

நெட்ஃப்ளிக்ஸ் செயலியின் ஆப் செட்டிங்ஸில் 'ப்ளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஒன்று இருக்கும். வைட்வைன் நிலை, அதிகபட்ச ரெசல்யூஷன் இரண்டும் அதில் வரும். பேரனைக் காட்டச் சொல்லுங்கள். எல்1 இருந்தும் அங்கே எஸ்டி என்று காட்டினால், நெட்ஃப்ளிக்ஸ் அந்த மாடலுக்குத் தனியாக அனுமதி தரவில்லை என்று பொருள். அது வேறு படி.

இது மலிவுக் கருவிகளுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. ஒன்ப்ளஸ் 5, 5டி இரண்டும் நல்ல விலையில் வந்த ஃபோன்கள், எல்3-ஓடுதான் வந்தன. பிறகு எல்1 வேண்டும் என்றவர்கள் ஃபோனையே நிறுவனத்துக்கு அனுப்பி வைக்க வேண்டியிருந்தது. போகோ எஃப்1-உம் 2018-ல் எல்3-ஓடு வந்து, அடுத்த ஆண்டு அப்டேட்டில் எல்1 ஆனது. உங்கள் டேப்புக்கு அப்படி ஒரு அப்டேட் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: பெட்டியில் 'ஃபுல் எச்டி வீடியோ' என்று போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் எழுத்தெல்லாம் பிசிறு பிசிறாக இருக்கிறது?

பதில்: டீகோடர் 1080பி-யைப் பிரிக்கும் என்பது ஒன்று, திரையில் அத்தனை பிக்சல் இருக்கிறது என்பது வேறொன்று. பெட்டியில் முதலாவதைப் பெரிதாக அச்சடிப்பார்கள். சாம்சங் டேப் ஏ9-இன் திரை 1340 × 800, டேப் ஏ9 ப்ளஸின் திரை 1920 × 1200. பெயரில் ஒரு 'ப்ளஸ்' தான் வித்தியாசம். திரையின் பிக்சல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் லேசாக உதறுகிறது. ஃப்ரேம் விடவில்லை என்று பிளேயர் சொல்கிறது. கண் கோளாறா?

பதில்: கண் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகவே. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. பாதி ஃப்ரேம் காட்ட முடியாது என்பதால் ஒரு ஃப்ரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அந்த நொண்டல்தான் உங்களுக்குத் தெரிகிறது. 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக ஐந்து முறை, 144-ல் ஆறு முறை. 90 ஹெர்ட்ஸ் இங்கே உதவாது, 24-ஆல் வகுபடாது. ஒரு சிக்கல், 120 ஹெர்ட்ஸ் ஃபோன்களில் பல, வீடியோ ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தானாக 60-க்கு இறங்கிவிடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஷோ ரெஃப்ரெஷ் ரேட்' என்பதைப் போட்டுவிட்டுப் படத்தை ஓட்டினால் உண்மை தெரியும்.

கேள்வி: எச்டிஆர் படம் வெளிறிப்போய், சாயம் போன துணி மாதிரி தெரிகிறது.

பதில்: எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதிந்த வீடியோ. டீகோடர் அதைப் பிரித்துவிட்டது, ஆனால் உங்கள் திரைக்கு ஏற்றபடி வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக் கொடுக்க பிளேயருக்குத் தெரியவில்லை. வேறு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் அதே படத்தின் எச்டிஆர் அல்லாத பதிப்பைப் பாருங்கள். மலிவு எல்சிடி திரையில் எச்டிஆரால் பெரிய லாபமும் கிடையாது.

கேள்வி: படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஃபோன் போச்சா?

பதில்: போகவில்லை. ஃபைலில் ஒலி டால்பி அல்லது டிடிஎஸ் வகையில் இருக்கும். அவற்றுக்கு உரிமம் வேண்டும். அதனால் பல ஃபோன்களிலும் பல பிளேயர்களிலும் இல்லை. விஎல்சியில் போடுங்கள், பேசும்.

கேள்வி: கடைசியாக ஒன்று சார். ஃபோனை டிவியில் மாட்டிப் படம் பார்க்க டைப்-சி டூ எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை.

பதில்: துளை ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா டைப்-சி துளையிலிருந்தும் படம் வெளியே வராது. 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' வசதி வேண்டும். சாம்சங்கின் எஸ் வரிசை, ஐஃபோன் 15, அதற்குப் பின் வந்த ஐஃபோன்களில் பெரும்பாலானவை, இவற்றில் உண்டு. நடுத்தர விலை ஃபோன்களில் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 தான், சார்ஜ் ஏறும், ஃபைல் போகும், படம் வராது. ஃபோனின் குறிப்புப் பக்கத்தில் அந்த வசதியின் பெயர் இல்லையென்றால் எந்த அடாப்டரை மாற்றினாலும் பயன் இல்லை. கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று பாருங்கள். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் டிவியிலேயே செருகிப் படம் பார்க்கிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வந்துவிடும்.